மாட்டர்ஹார்ன்: ஏற விரும்புவோரும் வரலாறு அறிய விரும்புவோரும் கேட்கும் கேள்விகள்

மாட்டர்ஹார்னைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 1865-ஆம் ஆண்டு விபத்தைச் சுற்றியது. மற்றொன்று, "நான் ஏற முடியுமா?" என்பது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: இந்த மலையில் இறங்குவதுதான் பெரிய வேலை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

மாட்டர்ஹார்ன் எங்கே இருக்கிறது? உயரம் எவ்வளவு?

ஸ்விட்சர்லாந்தின் வாலே மாநிலத்துக்கும் இத்தாலியின் ஆவோஸ்டா பள்ளத்தாக்குக்கும் இடையிலான எல்லையில். உயரம் 4478 மீட்டர். வடக்கே செர்மாட் (1608 மீட்டர்), தெற்கே பிரேய்-செர்வீனியா (சுமார் 2050 மீட்டர்). இத்தாலியர்கள் இதைச் செர்வீனோ என்கிறார்கள், பிரெஞ்சு பேசுவோர் மோன் செர்வின் என்கிறார்கள்.

உச்சி ஒரு புள்ளி அல்ல. ஏறத்தாழ நூறு மீட்டர் நீளமுள்ள குறுகிய முகடு. அதன் கிழக்கு முனை ஸ்விஸ் உச்சி, மேற்கு முனை இத்தாலிய உச்சி (4476 மீட்டர்). இத்தாலிய முனையருகே 1902-இல் நட்ட இரும்புச் சிலுவை இன்றும் நிற்கிறது.

இப்படி நான்கு பக்கமும் செதுக்கியதுபோல் எப்படி ஆனது?

பனியாறுகளின் வேலை. மலையின் நான்கு பக்கங்களிலும் பனியாறுகள் பாறையைக் குடைந்து பின்வாங்கியதால் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு முகங்களும், அவை சந்திக்கும் இடங்களில் நான்கு முகடுகளும் மிஞ்சின. வடகிழக்கில் ஹோர்ன்லி, தென்கிழக்கில் ஃபுர்கன், தென்மேற்கில் லியோன் (சிங்க முகடு), வடமேற்கில் ஸ்முட்.

பாறை விஷயம் இன்னும் சுவையானது. அடிப்பகுதி, சுமார் 3400 மீட்டர் வரை, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே இருந்து மறைந்துபோன டெத்திஸ் கடலின் அடித்தரையிலிருந்து வந்த பாறைகள். அதற்கு மேலே இருக்கும் நைஸ் பாறை, ஆப்பிரிக்கத் தட்டின் பக்கத்திலிருந்து வடக்கே தள்ளப்பட்டு மேலேறிப் படிந்தது. ஆகவே ஏறுபவர் முதலில் பழைய கடல்தரையைக் கடந்து, பிறகு ஆப்பிரிக்கப் பக்கத்துப் பாறையில் கை வைக்கிறார். அந்த நைஸ் பல இடங்களில் உறுதியானது. ஆனால் உறைந்தும் உருகியும் வெடித்த பகுதிகள் ஏராளம். கைக்கு வரும் ஒவ்வொரு பிடியையும் தட்டிப் பார்த்த பிறகே பாரத்தை ஏற்ற வேண்டிய மலை இது.

மோன் பிளாங்க் 1786-லேயே ஏறப்பட்டது. இதற்கு மட்டும் ஏன் 1865 வரை ஆனது?

செர்மாட்டிலிருந்து பார்த்தால் கிழக்கு முகம் செங்குத்தாக நிற்பதுபோலத் தெரியும். அந்தப் பக்கம் முடியாது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டு, இத்தாலியப் பக்கத்து லியோன் முகட்டிலேயே முட்டிக்கொண்டிருந்தார்கள். 1860-இல் பார்க்கர் சகோதரர்கள் மூவர் வழிகாட்டி இல்லாமலே செர்மாட் பக்கம் முயன்று கணிசமான உயரம் போனார்கள். அந்தத் தடயத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தாலியப் பக்கத்தில் வால்டூர்னான்ஷ் ஊர்க்காரரான ஜான்-அந்துவான் கரெல், ஆங்கிலேயரான எட்வர்ட் விம்பர், இயற்பியலாளர் ஜான் டிண்டல் ஆகியோர் மாறி மாறி முயன்றனர். டிண்டல் 1862-இல் 4241 மீட்டர் உயரமுள்ள தோள்பகுதியை அடைந்தார். அந்த இடம் இன்று டிண்டல் முனை. அங்கிருந்து உச்சிக்கு நடுவே ஒரு வெட்டும் அதற்கப்பால் ஒரு சுவரும் இருந்தன. அதோடு நின்றது.

திருப்பம் தந்தது விம்பரின் கணிப்பு. பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது கிழக்கு முகத்தின் சாய்வு நாற்பது பாகையைத் தாண்டாது என்று கண்டார். அதைவிட முக்கியம், பாறை அடுக்குகள் தென்மேற்கு நோக்கிச் சரிந்திருக்கின்றன என்பது. ஓட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள்: இத்தாலியப் பக்கத்தில் அடுக்குகளின் விளிம்பு வெளியே கீழ்நோக்கிச் சாய்ந்து கால் வழுக்கும், செர்மாட் பக்கத்தில் அதே அடுக்குகள் உள்நோக்கிச் சாய்ந்து படிக்கட்டாக மாறும். இந்த ஒரு புவியியல் கவனிப்புதான் மலையைத் திறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

1865 ஜூலை 14 அன்று சரியாக என்ன நடந்தது?

ஏழு பேர். விம்பர் (வயது 25), பாதிரியார் சார்ல்ஸ் ஹட்சன், அவருடன் வந்த டக்ளஸ் ஹேடோ (19), பிரபு ஃபிரான்சிஸ் டக்ளஸ் (18), ஷாமொனி வழிகாட்டி மிஷெல் குரோ, செர்மாட்டின் பீட்டர் டௌக்வால்டர், அதே பெயருள்ள அவர் மகன். கரெல் வேறு குழுவுடன் இத்தாலியப் பக்கம் புறப்பட்டுவிட்டார் என்று தெரிந்த அவசரத்தில், சில நாட்களுக்குள் கூடிய குழு இது. ஹட்சன் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மலையேறிகளில் ஒருவர். ஹேடோவுக்கோ அனுபவம் மிகக் குறைவு.

13-ஆம் தேதி செர்மாட்டிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 3380 மீட்டரில் கூடாரமிட்டார்கள். மறுநாள் காலை கிழக்கு முகத்தின் ஓரமாக ஏறியபோது பெரும்பகுதி எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. மேலே, ஹோர்ன்லி முகட்டின் தோள்பகுதிக்கு அப்பால் வடக்கு முகத்தின் விளிம்புக்கு மாறிச் சிறிது தூரம் ஏறினர். கடினமான பகுதி அது மட்டும்தான். பகல் 1.40-க்கு உச்சி. கீழே இத்தாலிய முகட்டில் கரெலின் குழு சிறு புள்ளிகளாகத் தெரிந்தது. கத்திக் கூப்பிட்டு, கற்களை உருட்டிவிட்டுத் தாங்கள் வந்துவிட்டதை அறிவித்தார்கள். கரெல் திரும்பினார்.

ஒரு மணி நேரம் கழித்து இறக்கம். முன்னே குரோ, பிறகு ஹேடோ, ஹட்சன், டக்ளஸ், தந்தை டௌக்வால்டர், விம்பர், மகன் டௌக்வால்டர். குரோ தன் கோடரியை ஓரமாக வைத்துவிட்டு ஹேடோவின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையில் பதித்துக்கொண்டிருந்தார். குரோ திரும்பிக் கீழே ஓரடி வைக்க முற்பட்ட கணத்தில் ஹேடோ வழுக்கி அவர்மேல் விழுந்தார். இருவரின் எடை ஹட்சனை இழுத்தது, பிறகு டக்ளஸை. மேலே இருந்த மூவரும் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டனர். டக்ளஸுக்கும் தந்தை டௌக்வால்டருக்கும் நடுவே கயிறு அறுந்தது. நால்வரும் வடக்கு முகத்தின் வழியே ஏறத்தாழ 1200 மீட்டர் கீழே பனியாற்றில் விழுந்தனர். மூவரின் உடல்கள் கிடைத்தன. டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

கயிறு வெட்டப்பட்டதா?

இல்லை. தந்தை டௌக்வால்டர் கத்தியால் வெட்டினார் என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. செர்மாட்டில் நடந்த விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. குழுவிடம் மூன்று வகைக் கயிறுகள் இருந்தன. அவற்றில் இரண்டு வலுவானவை. மூன்றாவது, பழையதும் மெல்லியதும். அறுந்தது அந்த மூன்றாவது. அது மனிதர்களைப் பிணைக்க வைத்திருந்த கயிறே அல்ல. அதன் துண்டு செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தாலே நான்கு பேரின் எடையைத் தாங்காது என்று தெரியும்.

தொழில்முறையில் பார்த்தால் தவறுகள் வேறு இடத்தில். ஏழு பேரை ஒரே கயிற்றில் கட்டியது. ஆட்களுக்கு நடுவே கயிறு தொங்கித் தளர்ந்திருந்தது, ஆகவே இழுப்பு ஒரே அதிர்ச்சியாக வந்தது. பாறையில் எந்தப் பிணைப்பும் இல்லை. இறக்கத்தில் மிகத் திறமையானவர் கடைசியாக, மேலிருந்து தாங்கும் இடத்தில் வரவேண்டும். அன்று குரோ முதலில் இறங்கினார், அனுபவமற்றவர் அவருக்கு நேர் மேலே. கடினமான பகுதியில் நிலைக்கயிறு கட்ட விம்பர் ஹட்சனிடம் யோசனை சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அது நடக்கவில்லை. அந்தப் பகுதியில் இன்று தடித்த கயிறுகள் நிரந்தரமாகத் தொங்குகின்றன.

கரெல் என்ன ஆனார்?

மூன்றே நாளில், ஜூலை 17 அன்று, கரெலும் ஜான்-பத்தீஸ்த் பிஷும் இத்தாலியப் பக்கமிருந்து உச்சியை அடைந்தார்கள். உடன் வந்த பாதிரியார் அமே கொரேயும் மெனேயும் கடைசிப் பகுதிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டனர், திரும்பும் வழியில் இவர்களுக்கு உதவுவதற்காக. தொழில்நுட்ப ரீதியில் இது செர்மாட் வழியைவிடக் கடினமான ஏற்றம். உலகம் விபத்தைப் பேசியதில் இது மறைந்துபோனது வருத்தத்துக்குரியது.

கரெல் 1890-இல் இதே மலையில் இறந்தார். புயலில் சிக்கிய தன் குழுவைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்த பிறகு, அடிவாரத்தில், களைப்பால்.

மற்ற முகடுகளும் முகங்களும் எப்போது ஏறப்பட்டன?

ஸ்முட் முகடு 1879 செப்டம்பர் 3: ஆங்கிலேய மலையேறி மம்மரி, வழிகாட்டிகள் அலெக்சாண்டர் புர்கனர், யோஹான் பெட்ருஸ், அகஸ்டின் ஜென்டினெட்டா. அதே நாளில் பென்ஹாலின் குழு மேற்கு முகம் வழியாக ஏறியது. ஒரே நாளில் இரண்டு புதிய வழிகள்! ஃபுர்கன் முகட்டை 1911-இல் மரியோ பியாசென்சா, ஜான்-ஜோசப் கரெல், ஜோசப் கஸ்பார் முடித்தனர். அதன் தலைப்பகுதியில் துருத்தி நிற்கும் பாறைகளை நேராக வென்றது 1941-இல். தெற்கு முகம் 1931, கிழக்கு முகம் 1932. கிழக்கு முகத்துக்கு இன்றும் மிகச் சிலரே போகிறார்கள், ஏனென்றால் வெயில் பட்டவுடன் கல் பொழியத் தொடங்கும். குளிர்காலத்தில் முதல் ஏற்றம் 1882 மார்ச்சில், மலைப் புகைப்படங்களுக்குப் பேர்போன விட்டோரியோ செல்லாவுடையது.

வடக்கு முகத்துக்கு ஏன் அவ்வளவு பேர்?

ஐகர், கிராண்ட் ஜோராஸ், மாட்டர்ஹார்ன்: ஆல்ப்ஸின் மூன்று பெரிய வடக்கு முகங்கள். மூன்றில் முதலில் விழுந்தது இதுதான். மியூனிக்கைச் சேர்ந்த ஃபிரான்ஸ், டோனி ஷ்மிட் சகோதரர்கள் சைக்கிளிலேயே செர்மாட் வந்து, 1931 ஜூலை 31, ஆகஸ்ட் 1 ஆகிய இரண்டு நாட்களில் ஏறினார்கள். நடுவே ஓர் இரவு முகத்திலேயே. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மலையேற்றத்துக்கான பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டபோது டோனி உயிரோடு இல்லை. சில வாரங்கள் முன்பு வேறொரு மலையில் விழுந்து இறந்திருந்தார்.

இந்த முகத்தில் உறுதியான பிணைப்புக்கு இடம் கிடைப்பது அரிது. பாறை தளர்ந்தது, அதை ஒட்ட வைத்திருப்பது பனிக்கட்டிதான். அதனால் கடுங்குளிரில் ஏறுவதே பாதுகாப்பு. 1962 பிப்ரவரியில் ஹில்டி ஃபோன் ஆல்மன், பால் எட்டர் முதல் குளிர்கால ஏற்றத்தைச் செய்தனர். 1965 பிப்ரவரி 18 முதல் 22 வரை வால்டர் பொனாட்டி தனியாளாக, குளிர்காலத்தில், அதுவரை யாரும் போகாத நேர்வழியில் ஏறினார். முதல் ஏற்றத்தின் நூற்றாண்டுக்கு அவர் செய்த மரியாதை அது; அதோடு தீவிர மலையேற்றத்திலிருந்து விலகினார். மாட்டர்ஹார்ன் வரலாற்றில் ஒரே ஒரு ஏற்றத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். பின்னால் வந்த வேகச் சாதனைகள் (ஊலி ஸ்டெக் 2009-இல் 1 மணி 56 நிமிடம், டானி ஆர்னால்ட் 2015-இல் 1 மணி 46 நிமிடம், இரண்டும் ஷ்மிட் வழியில்) வியப்பூட்டுபவை. ஆனால் அவை தெரிந்த பாதையில் ஓடியவை.

முதலில் ஏறிய பெண் யார்?

லூசி வாக்கர், 1871 ஜூலை. அமெரிக்கரான மெட்டா பிரெவோர்ட்டும் அதே எண்ணத்தோடு செர்மாட் வந்து, செய்தி கேட்டு, சில வாரங்களில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிக் கடந்த முதல் பெண் ஆனார். இவர்களுக்கு முன்னரே 1867-இல் வால்டூர்னான்ஷைச் சேர்ந்த ஃபெலிசிதே கரெல் இத்தாலியப் பக்கம் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை போயிருந்தார். அந்த இடத்துக்கு அவர் பெயர்தான். வடக்கு முகத்தை ஏறிய முதல் பெண் இவெட் வோஷே, 1965 ஜூலை 14, நூற்றாண்டு நாளன்றே.

ஹோர்ன்லி வழி (செர்மாட் பக்கத்து வழக்கமான பாதை) எவ்வளவு கடினம்? சாதாரண ஏறுபாறைப் பயிற்சி போதுமா?

ஆல்ப்ஸ் தரவரிசையில் ஏ.டி. ('ஓரளவு கடினம்'), பாறையின் கடினமான அடிகள் யுஐஏஏ (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) அளவில் மூன்றாம் நிலை. உள்ளரங்குச் சுவரில் பழகுபவருக்கு இது அற்பமாகத் தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். ஹோர்ன்லி குடிலிலிருந்து (3260 மீட்டர்) உச்சிக்கு 1218 மீட்டர் உயரம். அத்தனையும் கைகால் இரண்டையும் பயன்படுத்தி, தடித்த பூட்ஸில், மூச்சு வாங்கும் உயரத்தில், பெரும்பாலும் கயிற்றைப் பாறையில் மாட்டாமல் இருவரும் சேர்ந்து நகர்ந்தபடியே. பிறகு அதே 1218 மீட்டர் கீழே. ஒரு கயிற்று நீளம் ஏறி, நிறுத்தி, பிணைத்து, கூட்டாளியை ஏற்றி என்று முறைப்படி போனால் ஒரு நாளில் முடியாது.

தேவையான அளவுகோல் இதுதான்: இரண்டாம் நிலைப் பாறையில் கயிறில்லாமல் மேலும் கீழும் தயக்கமின்றி நடமாட முடிய வேண்டும். மூன்றாம் நிலையைப் பனி பூட்ஸிலும், தேவைப்பட்டால் கிராம்பானிலும் (பூட்ஸில் மாட்டும் உலோகப் பற்கள்) ஏற முடிய வேண்டும். இவற்றில் "கீழும்" என்ற சொல்லுக்குத்தான் பலர் தயாராக இருப்பதில்லை.

பாதையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

செர்மாட்டிலிருந்து கேபிள் கார் ஷ்வார்ட்ஸே வரை (2583 மீட்டர்). அங்கிருந்து இரண்டு முதல் இரண்டரை மணி நடை, குடிலுக்கு. மாலையிலேயே குடிலுக்குப் பின்னால் போய்ப் பாதை தொடங்கும் இடத்தையும் முதல் சில நூறு அடிகளையும் பார்த்துவிடுங்கள். மறுநாள் அதே இடத்தில் இருட்டில், வரிசையில் நிற்பீர்கள்.

புறப்பாடு அதிகாலை நான்கு மணியளவில். செர்மாட் வழிகாட்டிகளின் குழுக்கள் முதலில், பிறகு மற்ற வழிகாட்டிகள், கடைசியில் வழிகாட்டி இல்லாதவர்கள். சில நிமிடங்களிலேயே நிலைக்கயிறு தொங்கும் செங்குத்தான முதல் படி வரும், அங்கே நெரிசல். அதைக் கடந்தபின் கிழக்கு முகத்தில் இறங்கும் சில பள்ள ஓடைகளைக் குறுக்காகக் கடக்க வேண்டும். இதுதான் வழி தவறும் பகுதி. சரியான பாதை பெரும்பாலும் முகட்டின் உச்சிக்கோட்டுக்குச் சற்று இடப்புறமாக, கிழக்குப் பக்கத்தில் செல்கிறது. அதைவிட இடப்புறம் விலகினால் எளிதாகத் தோன்றும் தேய்தடங்கள் உங்களை உதிரிக்கல் நிறைந்த கிழக்கு முகத்துக்குள் இழுத்துச் சென்றுவிடும். அடையாளம்: சரியான பாதையில் பாறை கிராம்பான் கீறல்களோடு மழமழவென்றும் சுத்தமாகவும் இருக்கும், ஆங்காங்கே இரும்புக் கம்பங்கள் தெரியும். காலடியில் சரளைக் கல் அதிகமானால் நீங்கள் தவறிவிட்டீர்கள். வந்த தடத்தில் திரும்பி முகட்டை நோக்கிப் போங்கள்.

ஏறத்தாழ 3800 மீட்டரில் 1868-இல் கட்டிய பழைய குடிலின் இடிபாடு. அதற்கு மேல் பாறை உறுதியாகிறது. கீழ் மோஸ்லி பலகைப்பாறை, மூன்றாம் நிலை, நல்ல பிடிகள். அதன் தலையில் சோல்வே குடில், 4003 மீட்டர், 1915-இல் கட்டப்பட்டது, பத்துப் படுக்கை, நெருக்கடிக்கு மட்டும். அதையடுத்து மேல் மோஸ்லி பலகைப்பாறை. (1879-இல் இங்கே இறந்த அமெரிக்கர் வில்லியம் மோஸ்லியின் பெயர் இரண்டுக்கும்.) பிறகு முகட்டையொட்டி ஏறித் தோளுக்கு வந்தால் பனி. இங்கேயே கிராம்பானை மாட்டிக்கொள்ளுங்கள்.

தோளுக்கு மேலே தடித்த நிலைக்கயிறுகள். கைகளால் மட்டும் தொங்கி இழுத்தால் சில நிமிடங்களில் முன்கை மரத்துவிடும். கால்களைப் பாறையில் வைத்து, கயிற்றைச் சமநிலைக்கு மட்டும் பிடியுங்கள். இறங்குபவர்களும் ஏறுபவர்களும் இதே கயிறுகளில் சந்திப்பதால் காத்திருப்பு நேரம் இங்கே அதிகம். கயிறுகள் முடிந்ததும் 'கூரை' எனப்படும் பனிச்சரிவு. வெயில் மிகுந்த கோடைகளில் பனி போய்க் கெட்டியான பனிக்கட்டி மட்டும் மிஞ்சும்; அப்போது கிராம்பானின் முன்பற்களும் கோடரியும் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். புனித பெர்னார்டின் சிலை தெரிந்தால் உச்சி அருகில்தான்.

எவ்வளவு நேரம் ஆகும்? எந்த நேரத்தில் திரும்ப வேண்டும்?

ஏற நான்கு முதல் ஐந்து மணி நேரம். இறங்க அதே அளவு. சோல்வே குடிலை இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் அடையாவிட்டால் பெரும்பாலான வழிகாட்டிகள் திருப்பி அழைத்து வந்துவிடுவார்கள். வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களும் இதே கணக்கைக் கொஞ்சம் தளர்த்தி, சோல்வேயில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் திரும்புவது சரி. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று தொடர்ந்தவர்கள்தான் மதிய இடி மின்னலில் தோளுக்கு மேலே மாட்டுகிறார்கள், இரவில் சோல்வே குடிலை நிரப்புகிறார்கள். இரும்புக் கம்பங்களும் ஈரக் கயிறுகளும் நிறைந்த முகட்டில் மின்னல் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

இறக்கம் ஏன் அதிக ஆபத்து?

கால் தசைகள் ஏற்றத்திலேயே தீர்ந்திருக்கும். பிடிகள் கண்ணுக்குக் கீழே, உடல் மறைக்கும். காலையில் உறைந்திருந்த கற்கள் மதியம் விடுபடும். மேலே உள்ள குழுக்களின் கயிறு கற்களைத் தட்டிவிடும். வழியும் வேறு மாதிரித் தெரியும்: காலையில் முன்னே இருந்தவரின் விளக்கைப் பார்த்து ஏறியவருக்கு மதியம் தானே தடம் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே ஏறும்போதே ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்த்து நினைவில் வையுங்கள். சரிவு குறைவான இடங்களில் வெளியே பார்த்து இறங்குங்கள், செங்குத்தில் பாறையைப் பார்த்து. மோஸ்லி பலகைப்பாறைகள் போன்ற இடங்களில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கயிற்றில் இறக்கிவிடுவது, இரட்டைக் கயிற்றில் தானே வழுக்கி இறங்குவதைவிடப் பெரும்பாலும் வேகமானது. கயிறு சிக்குவதும் குறைவு. உடைந்த பாறையில் கயிற்றை இழுக்கும்போது அது மாட்டிக்கொள்வதோடு கற்களையும் தலையில் கொண்டுவரும்.

வழிகாட்டி கட்டாயமா?

சட்டப்படி இல்லை. ஒரு வழிகாட்டிக்கு ஒரே ஒருவர் என்பது நடைமுறை. இருவரைக் கூட்டிப் போக மாட்டார்கள். கட்டணம் மட்டும் ஆயிரத்தைந்நூறு ஸ்விஸ் பிராங்குக்கு மேல், குடில் செலவு தனி. முன்பின் தெரியாதவரை நேரே மலைக்கு அழைத்துப் போகாமல், முதலில் ரிஃபல்ஹார்ன் பாறையிலோ பிரைட்ஹார்ன், போலுக்ஸ் போன்ற நாலாயிரம் மீட்டர் உச்சிகளிலோ உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் "இந்த ஆண்டு வேண்டாம்" என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் இந்த மலையை நூறு முறைக்கு மேல் ஏறியவர்கள். செர்மாட்டின் உல்ரிஷ் இண்டர்பினன் 370 முறைக்கும் மேல் ஏறியவர். கடைசி முறை ஏறியபோது அவருக்கு வயது தொண்ணூறு.

வழிகாட்டி இல்லாமல் போகிற அளவு அனுபவம் இருந்தாலும், இருவர் ஒரே கயிற்றில் குட்டையாகப் பிணைத்து நகரும் முறையை வேறு முகடுகளில் பழகிய பிறகே வாருங்கள். சரியாகச் செய்தால் ஒரு சறுக்கலை அதன் முதல் அடியிலேயே நிறுத்தும். தவறாகச் செய்தால், தொங்கும் கயிறோடு, இருவரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

முப்பது முதல் நாற்பது மீட்டர் ஒற்றைக் கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட், கிராம்பான் பொருந்தும் கெட்டியான அடிப்பாகமுள்ள பூட்ஸ், எஃகுக் கிராம்பான், எடை குறைந்த ஒரு பனிக்கோடரி. பூட்டுள்ள கேரபினர் (கொக்கி வளையம்) மூன்று, சாதாரணக் கேரபினர் நாலைந்து, 60 செ.மீ. ஸ்லிங் (பட்டை வளையம்) இரண்டு, 120 செ.மீ. ஸ்லிங் இரண்டு (கம்பங்களிலும் பாறைக் கொம்புகளிலும் மாட்ட), பிலே சாதனம் (கூட்டாளியின் கயிற்றைப் பிடித்துத் தாங்க), தலைவிளக்கு, புது பேட்டரி. கையுறை இரண்டு ஜோடி: பாறையைப் பிடிக்க மெல்லியது, உச்சிக்குத் தடித்தது. தண்ணீர் ஒன்றரை லிட்டர், வழியில் நிரப்ப இடமில்லை. பை மொத்தம் ஆறேழு கிலோவைத் தாண்டக் கூடாது. கூடாரம், அடுப்பு வேண்டாம். ஹோர்ன்லி குடிலைச் சுற்றிக் கூடாரமிடத் தடை. குடிலில் 130 படுக்கைகள்தான், முன்பதிவு இல்லாமல் மேலே போகாதீர்கள்.

இத்தாலிய வழி எப்படி?

பாறை ஏற்றமாகப் பார்த்தால் லியோன் முகடு இன்னும் அழகானது, கொஞ்சம் கடினமானது. பிரேய்-செர்வீனியாவிலிருந்து ஒரியோந்தே குடில் (2802 மீட்டர்), பிறகு லியோன் கணவாய், அங்கிருந்து நிலைக்கயிறுகள் வழியே 3830 மீட்டரிலுள்ள கரெல் குடில். மறுநாள் டிண்டல் முனை, அதையடுத்து 'ஆன்ஷாம்பே' வெட்டு, கடைசிச் சுவரில் தொங்கும் ஜோர்டன் ஏணி. குடில் உயரத்தில் இருப்பதால் உச்சி நாள் குறுகியது. ஆனால் முதல் நாளே பையோடு கடினமான பாறையில் ஏற வேண்டும், மோசமான வானிலையில் பின்வாங்குவதும் சிரமம். நிலைக்கயிறுகளும் சங்கிலிகளும் இல்லாவிட்டால் இதன் தரம் வெகுவாக உயரும்.

எந்த மாதம் நல்லது? வெப்பமாதலால் மலை மாறுகிறதா?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. மழைக்குப் பிறகு முகட்டில் புதுப்பனி இருந்தால் ஒன்றிரண்டு நாள் காய விடுங்கள். பனி மூடிய மூன்றாம் நிலைப் பாறை, மூன்றாம் நிலையாக இருப்பதில்லை.

மாற்றம் கண்கூடு. பாறை விரிசல்களில் ஆண்டு முழுக்க உறைந்திருந்த பனிக்கட்டிதான் இம்மலையின் சாந்து. 2003-இன் கடும் வெயிலில் ஜூலை 15 அன்று ஹோர்ன்லி முகட்டின் ஒரு பகுதி சரிந்தது. மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருந்தது. அதே கோடையில் இத்தாலியப் பக்கத்திலும் பழைய வழியின் ஒரு பகுதி, 'ஷெமினே' எனப்படும் பிளவு, இடிந்து விழுந்தது. 2008 முதல் ஹோர்ன்லி முகட்டில் சுமார் 3500 மீட்டரில் சூரிச் ஈடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் உணர்கருவிகள் பதித்து விரிசல்களின் அசைவையும் பாறையின் வெப்பத்தையும் அளக்கிறார்கள். ஏறுபவருக்கு இதன் பொருள்: இரவில் பூஜ்ய வெப்பநிலை நிலவும் உயரம் உச்சிக்கும் மேலே போய்விட்ட வாரங்களில் மலைக்குப் போகாதீர்கள், எவ்வளவு நாள் முன்பே பதிவு செய்திருந்தாலும்.

இந்தியாவிலிருந்து வருபவர் எப்படித் தயாராவது?

உத்தர்காசி நேரு மலையேற்ற நிறுவனத்திலோ டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிறுவனத்திலோ அடிப்படை, மேல்நிலைப் பயிற்சிகளை முடித்திருந்தால் கிராம்பான், கோடரி, கயிற்று வேலை எல்லாம் கைவந்திருக்கும். டார்ஜிலிங் நிறுவனத்துக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் பழைய உறவு உண்டு: அது தொடங்கிய 1954-இல் டென்சிங் நோர்கே பயிற்சி பெறச் சென்றது ரோசன்லாவிக்குத்தான். ஆனால் இமயமலைப் பயணங்களின் மெதுவான நடை இங்கே உதவாது. வேண்டியது ஒன்பது பத்து மணி நேரம் நிற்காமல் பாறையில் நகரும் வேகம். பையோடு, பூட்ஸோடு, எளிதான பாறைகளில் மணிக்கணக்காக ஏறி இறங்கிப் பழகுங்கள். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் சம நேரம் கொடுங்கள். செர்மாட் வந்தபின் குறைந்தது நான்கைந்து நாள் உயரத்துக்கு உடலைப் பழக்க ஒதுக்குங்கள். பிரைட்ஹார்ன் போன்ற நாலாயிரம் மீட்டர் உச்சிகள் இரண்டையாவது ஏறிவிட்டு, முடிந்தால் ஓரிரவு குடிலில் தூங்கி, அதன்பின் ஹோர்ன்லிக்குப் போங்கள்.

விபத்து நேர்ந்தால்?

வாலே மாநிலத்தில் மீட்புக்கு 144. ஸ்விட்சர்லாந்தின் மற்ற பகுதிகளில் சொல்லப்படும் 1414 இங்கே முதல் எண் அல்ல. இத்தாலியப் பக்கத்தில் 112. செர்மாட்டில் 1968 முதல் இயங்கும் ஏர் செர்மாட் ஹெலிகாப்டர்கள் உலகின் மிகத் தேர்ந்த மலை மீட்புக் குழுக்களில் ஒன்று. ஆனால் மேகம் மூடினால் எவராலும் பறக்க முடியாது. ஹெலிகாப்டரைக் கண்டதும் இரண்டு கைகளையும் மேலே விரித்து உயர்த்தினால் "உதவி வேண்டும்". ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்". உற்சாகத்தில் இரு கைகளையும் ஆட்டாதீர்கள்.

ஷெங்கன் விசாவுக்கு வாங்கும் பயணக் காப்பீடு பெரும்பாலும் கயிறு கட்டிய மலையேற்றத்தை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். ஹெலிகாப்டர் மீட்பு இலவசமல்ல. ஒப்பந்தத்தில் "மலையேற்றம்", "ஹெலிகாப்டர் மீட்பு", உயர வரம்பு ஆகிய மூன்றையும் வரி வரியாகப் பார்த்து, இல்லையென்றால் தனியாக வாங்குங்கள். 1865 முதல் இன்றுவரை ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இந்த மலையில் இறந்திருக்கிறார்கள்.